அரசாங்கத்துச் சுடுதண்ணீர்

லெபனானின் திரிப்போலியில், எங்கள் தெருவில் சோலார் பேனல் வைக்காத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் வீடு. ஏழாவது மாடி, மொட்டைமாடிக்கு நேர் கீழே. மற்றவர்களின் பேனல்கள் எங்கள் தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் முஜத்தராப் பருப்புச் சோறு சாப்பிட்டோம்.

வைக்க வழியில்லாமல் இல்லை. வேலைக்காகச் சவூதியில் தம்மாமில் இருக்கும் என் மகன் நபீல், வாங்கித் தருகிறேன் என்று போனில் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனான். என் வீட்டுக்காரர் முனீஃப் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் பெயரை வைத்து ஊருக்கு அவர் அபூ நபீல், நான் உம் நபீல். அவர் மின்சார வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். அரசாங்கக் கரண்ட் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வரும், சில நாள் அதுவும் வராது. எப்போது வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். ஆனாலும் அது ஒருநாள் முழுசாக வந்தே தீரும் என்று மனிதர் நம்பினார். தொழுகையைக்கூடத் தவறவிட்டிருக்கிறார், இந்த நம்பிக்கையைத் தவறவிட்டதில்லை.

"ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே கரண்ட் இருந்துச்சு. இப்ப ஆளுக்கொரு கரண்ட். நாளைக்கு ஆளுக்கொரு ரோடு போட்டுக்குவானுங்க" என்பார்.

நான் சும்மா இருப்பேனா? துணியைக் கையால் துவைத்துத் துவைத்து என் விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தது. உங்கள் அரசாங்கம் எனக்கு ஒரு வாஷிங் மெஷினைச் சுற்றிவிடட்டும், பிறகு பேசுங்கள் என்பேன். அவர் காதில் விழாததுபோல் ரேடியோவைத் திருகுவார். ரேடியோவிலும் அதே கதைதான். நாட்டில் பகலில் எரிகிற விளக்குகளில் பெரும்பாலானவை இப்போது கூரைகளில் இருந்துதான் எரிகின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர் அதை அணைத்துவிடுவார்.

எங்கள் கட்டடத்து லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் தெருமுனை ஜெனரேட்டர்காரனிடம் பொதுச் சந்தா கட்டி ஓடியவை. வீட்டுக்கு வீடு பேனல் வந்ததும் ஒவ்வொருவராகச் சந்தாவில் இருந்து கழன்றுகொண்டார்கள். தண்ணீர் மோட்டாரை அவரவர் இன்வெர்ட்டரில் முறை வைத்து ஓட்டினார்கள். லிஃப்டுக்கு மட்டும் நாதியில்லை. முதல் மாடி ஹாஜி ஸுப்ஹி இனிப்புக் கடைக்காரர், எங்கள் கட்டடச் சங்கத் தலைவரும் அவர்தான். லிஃப்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தனக்குத் தெரியாது, தான் எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்டார். நியாயம்தான். அவரவர் நியாயம் சேர்ந்து லிஃப்டை நிறுத்திவிட்டது. ஜெனரேட்டர்காரனும் யாருக்காக ஓட்டுவது என்று எந்திரத்தை விற்றுவிட்டான்.

அந்த வருஷமே முனீஃபுக்கு இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். இரண்டு முறை விட்டுப்போனால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும், பிறகு எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். கூலிக்கு ஆள் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். ஒருநாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. முனீஃபின் இடுப்பு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. இனிமேல் இவரைப் படியில் தூக்கக் கூடாது என்று சொல்லி மருத்துவமனையிலேயே படுக்கவைத்தார்கள். கொஞ்ச நாளில் படுக்கை வேண்டும், அழைத்துப் போங்கள் என்றார்கள். எங்கே அழைத்துப் போவது? ஏறினால் இறங்க முடியாது.

சோலார்காரப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தனித்தனியாக இருக்கிற பேனல்கள் அவரவர் ஃப்ரிட்ஜுக்குத்தான் காணும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினால் லிஃப்ட் கிளம்பும் என்றான். அதாவது எல்லோரும் தங்கள் வெயிலைப் பொதுவில் போட வேண்டும்.

ஹாஜி ஸுப்ஹியின் வீட்டில் கூட்டம் போடச் சொன்னேன். எல்லாக் குடும்பமும் வந்தது. காபி வந்தது. என் கோப்பையை வாங்கி முன்னால் இருந்த மேசையில் வைத்தேன், தொடவில்லை. அதற்கு என்ன பொருள் என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒன்றைக் கேட்டு வந்தவர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் குடிப்பார். சொல்லாமல் காபி ஆறிப்போய்த் திரும்பினால் அந்த வீட்டு மானம் கப்பலேறிவிடும்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். முதலில் வாய் திறந்தவள் நாலாவது மாடி ரீமா. வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள், மூன்று மெஷின் அவளுடைய பேனலில் ஓடுகிறது.

"எங்க பேனலைப் பார்த்து அபூ நபீல் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? பொதுச் சொத்துக்குக் கொள்ளி வெச்சவங்கன்னு சொன்னாரு. இப்ப அந்தக் கொள்ளி வேணுமா?"

"சொன்னாரு. வாய்க்கொழுப்பு" என்றேன். "அதுக்காக அவரைச் சாகவிடலாமா, ரீமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஹாஜி என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வருமா என்று ஒருவர் பேச்சை மாற்றப் பார்த்தார், ஒட்டவில்லை. காபியில் ஆவி அடங்கியது.

"குடிங்க, உம் நபீல்" என்றார் ஹாஜி கடைசியில். "லிஃப்ட் ஓடும்."

ஆறிப்போன அந்தக் காபியை ஒரே மூச்சில் குடித்தேன்.

அடுத்த வாரமே கட்டினார்கள். எங்கள் வீட்டையும் இருட்டில் விட மனசில்லாமல், விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அதிலிருந்தே ஒரு லைன் கொடுத்தார்கள். முனீஃப் லிஃப்டில் வீடு வந்து சேர்ந்தார். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கூச்சம்தான் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே. மருத்துவமனையில் பேசி அவருடைய முறையை வெயில் ஏறிய நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் குளியலறையில் இருந்து என்னைக் கூப்பிட்டார்.

"வதாத், கையை வெச்சுப் பாரு."

குழாயில் சுடுதண்ணீர். நாங்கள் கவனிக்காதபோது அரசாங்கக் கரண்ட் வந்து போயிருக்கிறது என்றார். அன்றைக்கு நிதானமாகச் சவரம் செய்துகொண்டார், நோய் வந்த பிறகு முதல் முறையாகப் பாட்டை முணுமுணுத்தார். மறுநாளும் சுட்டது. அதற்கடுத்த நாளும். வாரியத்தில் ஏதோ சரிசெய்கிறார்கள், இனிமேல் பாருங்கள் என்று லிஃப்டில் கண்டவரிடமெல்லாம் சொன்னார். ரீமா உதட்டைச் சுழித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அரசாங்கமே கொடுத்ததாக இருக்கட்டும், எனக்கென்ன.

ஜனவரியில் கடல் பக்கத்தில் இருந்து மேகம் ஏறி வந்து நகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. திங்கட்கிழமை லிஃப்ட் கிளம்பவில்லை. டயாலிசிஸ் தவறியது. புதன்கிழமை காலையில் முனீஃபின் முகம் ஊதிக் கண் இடுங்கிவிட்டது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம்.

ஹாஜி ஒவ்வொரு வீடாகப் போய் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். இருக்கிற கொஞ்ச வெளிச்சம் லிஃப்டுக்கு மட்டும் போகட்டும் என்றார். எல்லோரும் அணைத்தோம் என்றார்கள். பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. திரும்ப அழுத்தினால் திரும்ப முனகல்.

யாரோ அணைக்கவில்லை என்பது தெரிந்துபோயிற்று. படிக்கட்டில் சண்டை மூண்டது. ஹாஜியின் கடைக் குளிர்பெட்டி ஓடுகிறது என்றாள் ரீமா. அவர் அவளைக் கையோடு கீழே கடைக்கு அழைத்துப்போய், இருட்டிக் கிடந்த குளிர்பெட்டியையும் உள்ளே இளகிக்கொண்டிருந்த பாலாடை இனிப்பையும் காட்டினார். அப்படியானால் ரீமாவின் தையல் மெஷின்தான் என்றார்கள். நானும் கத்தினேன். என் வீட்டுக்காரரின் உயிரைத் தைத்துத்தான் நீ சோறு தின்ன வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே வீட்டைத் திறந்து காட்டினாள். மூன்று மெஷினும் துணி மூடிக் கிடந்தன.

பிறகு ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினோம். கடைசி வீடு என்னுடையது. மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது, நானே அணைத்தது. ஹாஜி திரும்பப் போனவர், குளியலறைக் கதவருகில் நின்றுவிட்டார். உள்ளே ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அரசாங்கக் கரண்ட் வருகிற நேரம் தெரியாததால் இந்த நாட்டில் ஹீட்டர் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. போட்டே வைத்திருப்பார்கள். எப்போது வந்தாலும் தண்ணீர் சுடட்டும் என்றுதான். எங்கள் ஹீட்டருக்கு மெயினைத் தொடாமல் மீட்டரில் இருந்து தனி வயர், முனீஃப் தன் கையால் இழுத்தது. சோலார்காரப் பையன் அதையும் பேனல்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான்.

ரீமா வாசலில் நின்றாள். அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் சொல்லவில்லை.

கூடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே முனீஃப் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டார். எனக்குப் புரியும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய தொழில் அல்லவா.

"அப்ப இத்தனை நாளும் அந்தச் சுடுதண்ணி..." என்றார். மேலே பேச மூச்சு வரவில்லை.

ஹாஜி அவர் பக்கத்தில் குனிந்தார். "தண்ணிதானே, அபூ நபீல். நல்லாச் சுட்டுச்சா?"

முனீஃப் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நாற்காலியைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கையைத் தூக்க முடியாமல் தூக்கி, அவரே அந்தச் சுவிட்சை அணைத்தார். நான் கை கொடுக்கவில்லை.

லிஃப்ட் கிளம்பியது. டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு அவரைக் காப்பாற்றினார்.

அன்றிரவு வைத்திருந்து மறுநாள் மதியம் விட்டார்கள். மேகம் கலைந்து நல்ல வெயில். ரீமாவின் வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் லிஃப்ட்வரை கேட்டது. இவர் லிஃப்டை நாலாவது மாடியில் நிறுத்தச் சொன்னார். கதவைத் தட்டி, அவள் திறந்ததும், "உங்க வெயில்ல குளிச்சுட்டேன், மகளே. மன்னிச்சிடு" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து போர்வையைப் போர்த்திவிட்டபோது, "அந்த வயரை வெட்டிடச் சொல்லு, வதாத்" என்றார்.

"ஹீட்டர் வயரையா?"

"அரசாங்க வயரை. மீட்டரோட எடுத்துடச் சொல்லு."

"நிஜமாவா சொல்றீங்க?"

"இனிமே யாரும் அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்."

இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்பேன்! சரி என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் பிடிவாதத்தைத் திட்டிக்கொண்டே அதன் நிழலில்தான் நானும் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த நாடு திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு மனிதர் எங்கள் தெருவில் இருந்தார். இனி இல்லை.