மெழுகு ஆறுவதற்குள்

மெழுகின் மேல் பாலாடை போல மெல்லிய ஏடு படிந்ததும் கலையரசி அடுப்பை அணைத்துவைத்த இடத்திலேயே நின்று, வலது கையை விரல் விரித்தபடி பாத்திரத்துக்குள் விட்டு உடனே எடுத்தாள். மினுமினுப்பு அடங்கும்வரை காத்திருந்து மறுபடி முக்கினாள். எட்டு முறை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. பிறகு கையைப் பாலிதீன் பைக்குள் நுழைத்து, இடது கையாலும் பல்லாலுமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

முடக்குவாதம் வந்ததிலிருந்து காலையில் அவள் விரல்கள் மடங்குவதில்லை. மெழுகு போட்டு இருபது நிமிடம் போனால்தான் கரண்டி பிடிக்கலாம், கட்டிலில் கிடக்கும் கணவனுக்கு முகம் துடைத்துவிடலாம். வேடியப்பன் தியாகதுருகம் பக்கத்துக் கிரஷரில் இருபத்தாறு வருடம் கல்தூசி தின்றவன். ஐந்து மாதமாக ஆக்சிஜன் மெஷின்தான் அவனுக்கு மூச்சு.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மின்விசிறி நின்றது. மெஷின் கீச்சுக்குரலில் கத்தத் தொடங்கியது. நாளைக்குத்தான் கரண்ட் போகும் என்று மகன் சொல்லியிருந்தான்.

முழங்கையால் மெஷினை அணைத்தாள். கரண்ட் போனால் மாற்றிக்கொள்ள வாங்கிவைத்த ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே நின்றது. அதன் தலையில் சாவியை மாட்டித் திருப்ப வேண்டும். மகன் தமிழ்வேந்தன் மாத்திரை வாங்கப் போயிருந்தான். எதிர்வீட்டு ஆயம்மாள் நூறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். இடது கையால் சாவியை எடுத்தாள். விறைத்த விரல்களிலிருந்து அது நழுவித் தரையில் விழுந்தது.

வேடியப்பனின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

"இருங்க, தோ வந்துட்டன்."

துண்டைப் பல்லால் இழுத்தாள். மெழுகை உரித்தபோது விரலிடுக்கில் சுட்டது. எண்ணெய்ப் பிசுக்கோடு சிலிண்டரைத் தொட்டால் தீப்பிடிக்கும் என்று மகன் சொன்னது நினைவு வர, சேலையில் அழுந்த அழுந்தத் துடைத்தாள். கையை மடக்கிப் பார்த்தாள். பாதிதான் மடங்கியது. சாவியை மாட்டி உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கினாள். அசையவில்லை. இன்னொரு முறை. மூன்றாவது முறை உஸ்ஸென்று காற்று வந்தது. குழாயை மாற்றிச் செருகி அவன் மூக்கில் பொருத்தினாள்.

உதட்டின் நீலம் மெதுவாகக் குறைந்தது. அவன் கண் திறந்து அவளைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கிக் குழாயைக் கழற்றினான்.

"இன்னா பண்றீங்க?" அவள் மறுபடி மாட்டினாள்.

அவன் மறுபடி கழற்றினான்.

"தமிழு வந்துக்கினு இருக்கான். கொஞ்சம் பொறுங்க."

"வாணாம் கலை." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினான். "அஞ்சு மாசமா... அந்த மெஷின் சத்தந்தான். இப்பத்தான்... காது கேக்குது. உக்காரு."

வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று மேட்டில் திணறி ஏறிக்கொண்டிருந்தது. குழாயை மூன்றாம் முறை அவன் மூக்கருகே கொண்டுபோனாள். அவன் தடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சிலிண்டரை அடைத்தாள். திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"சூடா... கீது" என்றான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது.

பதினோரு மணிக்குத் தமிழ்வேந்தன் வந்தபோது வீட்டில் வேலையிலிருந்து ஓடிவந்த ஆயம்மாளும் நாலைந்து பெண்களும் இருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சிலிண்டரிடம் போனான்.

"எம்மா, கரண்டு போனதும் இத்த தொறந்தியா?"

"தொறந்தன்டா."

"கை வந்திச்சா?"

"வந்திச்சு."

அவன் சாவியைத் திருப்பினான். மீட்டர் முள் எழும்பி முக்காலுக்கு மேல் நின்றது; காற்று அவ்வளவாகச் செலவாகியிருக்கவில்லை. அதையே பார்த்தபடி கேட்டான்.

"பைப்பு மூக்குலதான இருந்திச்சு?"

ஆயம்மாள் பழைய வேட்டியிலிருந்து ஒரு நாடா கிழித்துக்கொண்டு வந்தாள். "கால் கட்டணும். உன் கைக்கு ஆவாது, நான் கட்டறன் இரு."

"குடுக்கா" என்று கலையரசி அதை வாங்கிக்கொண்டாள்.

மகன் சாவியை விடாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் கணவனின் காலடியில் உட்கார்ந்து, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துவைத்து, துணியை இரண்டு சுற்று சுற்றினாள். இறுகிவிடாமல் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள்.