பொன்மணி சிரித்துக்கொண்டு ஓடிய காட்சி

படம் வெளிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் பொன்மணி வருவது நாலே நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போடச் சொல்லி மூன்றாவது தடவையாகக் கோகுலகிருஷ்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற வயசும் இல்லை, தெம்பும் இல்லை. இருந்தாலும் கேட்டாள்.

"அத வெட்டுனா அது வேற படம்க்கா" என்றான் அவன். "இருக்கிறத இருக்கிறபடி காட்டணும். அப்புறம் அதுல என்ன தப்புன்னு பேசணும். அதுக்குத்தான விவாதம் வச்சிருக்கோம். முன்னாடி ஒரு எச்சரிக்கையும் போடுதேன்."

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நல்ல பையன். கோவில்பட்டியில் ஒரு திரைப்பட வட்டத்தை ஒத்தை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறவன். பதினாறு வயசில் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு செல்போனில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் சாகிற எண்ணத்தை விட்டதாக அவனே சொல்லியிருக்கிறான். இரண்டு ஆண்கள் பிரியமாக இருப்பதை அசிங்கமில்லாமல் காட்டிய படம். அதை யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த இரண்டு பேரையும் நல்லவர்களாகக் காட்ட ஒரு பாவி வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவனுடைய அக்கா பிள்ளையை ஒரு திருநங்கை தூக்கிக்கொண்டு ஓடுவாள், பழி அவர்கள் தலையில் விழும். அந்தத் திருநங்கைதான் பொன்மணி.

"நீங்க விவாதம் பண்ணிட்டுப் போயிருவீங்க தம்பி. திங்கக்கிழமை எட்டு மணிக்கு என் வீட்டுக்குப் பிள்ளைங்க வரணும்லா?"

"அதெல்லாம் ஜனங்க இப்ப மாறிட்டாங்கக்கா."

அவன் பேசுகிற ஜனங்கள் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த ஜனங்கள் ஆறு பேர். பின்தெருவில் இருக்கிற தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற ஆறு பெண்கள். காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். இது ஒரு நாளில் அமைந்ததில்லை. அந்தத் தெருவில் குடிவந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் இந்துஜா தன் மகள் காவியாவை, அதுவும் மாமியாருக்குத் தெரியாமல், அரை நாளைக்கு விட்டாள். சோறு ஊட்டி, கால் கழுவி, தூங்கவைத்து, அரை நாள் முழு நாளாகி, ஒரு பிள்ளை ஆறு பிள்ளையாக மேலும் இரண்டு வருஷம் பிடித்தது.

இப்போது அந்த ஆறு பேரும் படம் பார்க்க வருகிறார்கள். யாரைக் குறை சொல்ல? ஒரு நாள் ஏதோ பேச்சில், "நானும் சினிமாவுல நடிச்சவதாம்ட்டி" என்று பெருமையடித்தது இவள் வாய்தான். என்ன வேஷம் என்று மட்டும் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினர் என்று இவள் போட்டோவைப் போட்டுக் கோகுல் அடித்த நோட்டீஸ் தீப்பெட்டி ஆபீஸ் சுவரிலேயே ஒட்டியிருந்தது. பிறகு எப்படி வராமல் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்யாண மண்டபத்து மாடி ஹால். அறுபது நாற்காலிகள் நிரம்பியிருந்தன. இந்துஜாவும் மற்றவர்களும் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கோகுல் சொன்ன எச்சரிக்கை திரையில் வந்தது. 'இப்படத்தின் சில சித்திரிப்புகள் இன்றைய புரிதலுக்கு ஏற்புடையன அல்ல.' இரண்டாவது வரிசையில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. காவியாவுக்கு முறுக்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் படத்தில் ஒரு ஆட்டுக்காரன் வந்தான். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக உளறி, எல்லாரிடமும் அடி வாங்கினான். ஹாலில் சிரிப்பு. இந்துஜா சிரிக்கவில்லை, முகம் சுண்டிப்போனது. அவள் அப்பாவும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டு மகளைப் படிக்கவைத்தவர். பொன்மணிக்கு ஒரு நப்பாசை பிறந்தது. அவனைக் காட்டினது பொய் என்று தெரிகிறவளுக்கு என்னைக் காட்டுவதும் பொய் என்று தெரியாமலா போகும்?

அடுத்ததாக அவள் வந்தாள். இருபத்தேழு வயசுப் பொன்மணி, உதட்டில் அப்பிய சாயத்தோடு, அழுகிற பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடினாள். சிரிப்பு அவளுடையதில்லை. டப்பிங்கில் யாரோ ஒரு தடியனை விட்டுச் சிரிக்கவைத்திருந்தார்கள். காவியா திரையைப் பார்த்து "பொம்மணிம்மா" என்றாள். அடுத்த நிமிஷம் அந்தக் குரலைக் கேட்டு வீறிட்டாள். இந்துஜா பிள்ளையின் முகத்தைத் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

படம் முடிந்து, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடத்தான் நினைத்திருந்தாள். அழுத்தப்பட்டுக் கிடந்த அந்தச் சின்னத் தலையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"அது நடந்த கதை" என்று ஆரம்பித்தாள். "கயத்தாத்துல, லாரி நிக்கிற இடத்துல. நான் அப்ப கடை கடையாப் போயிக் கை நீட்டிக்கிட்டிருந்தேன். டீக்கடை ஓரத்துல ஒரு பிள்ள நின்னு அழுதுது. அதத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு யாரு பிள்ளைன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுக் கேட்டு நடந்தேன். எதுக்க அதோட அம்மா ஓடியாந்தா. பிள்ளைய வாங்கிக்கிட்டு, பையில இருந்த பழத்த எடுத்து எங்கையில குடுத்து, தாயின்னு கூப்பிட்டா. என்னைய ஒருத்தரும் அதுக்கு முன்ன அப்படிக் கூப்பிட்டதில்ல. இத நாந்தான் டைரக்டர்கிட்ட சொன்னேன். படம் எடுக்கையில, சிரிச்சிக்கிட்டு ஓடும்மா, இல்லன்னா கதை நிக்காதுன்னாரு. நம்மளுக்காக எடுக்குத படம்தானன்னு ஓடுனேன். அது என் தப்பு."

ஹாலில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொன்மணிக்குக் கால் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

வாசலில் இந்துஜா காத்திருந்தாள். பொன்மணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதிருந்தாள்.

"பாவம்க்கா நீங்க. சினிமாக்காரனுவ எப்படியெல்லாம் பண்ணிருக்கானுவ!" என்றாள். கையை விடவில்லை. "நாளைக்கு எனக்கு லீவுக்கா. காவியாவ வீட்டுலயே வச்சிக்கிடுதேன்."

தீப்பெட்டி ஆபீசில் இந்த மாசம் ஒருத்திக்கும் லீவு இல்லை என்று புலம்பியது இதே இந்துஜாதான், வெள்ளிக்கிழமை சாயங்காலம். பக்கத்தில் நின்ற யோகலட்சுமி தரையைப் பார்த்தபடி, "எனக்கும் லீவுதாங்க்கா" என்றாள். மற்ற நாலு பேரும் அதற்குள் படியிறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.

"செவ்வாக்கிழமை?" என்று கேட்டாள் பொன்மணி. கேட்டிருக்கக் கூடாது.

"பாப்பம்க்கா" என்றாள் இந்துஜா. அவள் தோளிலிருந்து காவியா தலையைத் தூக்கவே இல்லை.

அவர்கள் போனதும் கோகுல் ஓடிவந்தான். முகமெல்லாம் வெளிச்சம். "யக்கா, என்னமாப் பேசிட்டீங்க! அடுத்த மாசம் திருநெல்வேலியில இதே படம் போடுதோம். நீங்க வந்து இதையே பேசணும். உங்களுக்குப் பிள்ளைங்கள விட்டுட்டு வர முடியுமா?"

பொன்மணி தோளில் நழுவிய பொன்னாடையை எடுத்து மடித்தாள்.

"வாரேன் தம்பி" என்றாள். "எனக்கும் லீவுதான்."