ஆளில்லாமல் ஓடியது

யாருமில்லாத அறையில் விசிறி ஓடினால் சாவித்திரிக்கு உடம்பு பதறும். எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினால்தான் மூச்சே வரும். வங்காளத்தில், டாக்குரியா வீட்டில் முப்பது வருஷமாக இதே கூத்து. இன்று மத்தியானம் கணவரையும் அப்படித்தான் நிறுத்தி வைத்தாள்.

வீரராகவனுக்குப் பார்க்கின்சன்ஸ் நோய். போன மாதம் மூளைக்குள் மெல்லிய கம்பிகள் வைத்து, மார்புத் தோலுக்கடியில் பேட்டரிப் பெட்டியைப் பதித்தார்கள். மின்சாரம் ஓடத் தொடங்கியதும் கை நடுக்கம் அடங்கியது. மனுஷர் சிந்தாமல் காபி ஆற்றிக் குடித்தார். ஆனால் பேட்டரி சில வருஷத்தில் தீரும், மறுபடி மார்பைத் திறந்து மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சாவித்திரியால் மறக்க முடியவில்லை. தூங்கும்போதுதான் கை நடுங்குவதில்லையே, அப்போது எதற்கு வீணாக ஓடவேண்டும்? அவர் கண்ணயர்ந்ததும், டாக்டர் கொடுத்த ரிமோட்டை மார்பருகே பிடித்து நிறுத்திவிட்டாள். சேமிப்பாம் சேமிப்பு!

"சாவித்திரி!"

ஓடினாள். படுக்கையில் அவர் கட்டையாகக் கிடந்தார். வலது கை கட்டில் சட்டத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் வீணாப் போச்சுடி. ஆபரேஷன் பலிக்கலே."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கோ, இதோ..." ரிமோட்டை அழுத்தினாள். அதில் வெளிச்சமே வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ஐயோ, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே! மாடி வீட்டு பௌதியை, அந்த வங்காளி அண்ணியைக் கூப்பிடலாமா? டாக்டருக்கு என்னவென்று சொல்வது? அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கட்டில் சத்தம் நிற்கவில்லை. கூடத்தில் வங்காள சீரியலின் மாமியார் வேறு அலறிக்கொண்டிருந்தாள்.

சீரியல்! அவரை நிறுத்திய கையோடு, டிவி ரிமோட்டில் செல் தீர்ந்துபோயிருக்க, இதிலிருந்துதானே உருவி அதில் போட்டாள்!

உருவி எடுத்து ஓடிவந்தாள். அவசரத்தில் ஒரு செல் கட்டிலுக்கடியில் உருண்டது. மண்டியிட்டுத் துழாவி எடுத்துப் போட்டு அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. அவர் கை மெல்ல மெல்லத் தணிந்து ஓய்ந்தது.

வீரராகவன் அவளையும் ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ ஆஃப் பண்ணினியா?"

"பேட்டரி தீர்ந்தா மறுபடியும் உங்களை அறுப்பாளேன்னுதான்... எனக்குப் பயமா இருக்கு." விசும்பி விசும்பி அழுதாள்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீரட்டுமே. இருக்கிறவரைக்கும் ஓடட்டும்."

கூடத்தில் ஆளில்லாமல் டிவி அலறியது, விசிறி சுற்றியது. சாவித்திரி எழுந்திருக்கவில்லை.