செவ்வாய் அல்லாத நாட்கள்

எங்கள் ஊர் வட்சப் குழுவில் மீன் விலையும் காற்று எச்சரிக்கையும் வரும். மிஞ்சினால், யாருடைய மாடு யாருடைய வேலிக்குள் புகுந்தது என்ற சண்டை வரும். அன்று கிறகோரிப் பெரியப்பா, யாரோ தனக்கு அனுப்பிய ஒரு புத்தகப் பக்கத்தின் படத்தைப் போட்டிருந்தார். கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை. எனக்கு முதலில் எரிச்சல் வந்தது அதற்குத்தான். குத்துவதென்றால் பெயரைச் சொல்லிக் குத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஒருவர் தன் உத்தியோக காலத்தைப் பற்றி எழுதிய புத்தகம் அது. பின்னட்டைப் படத்தையும் பெரியப்பா போட்டிருந்தார். தலை நரைத்து, மீசையை எடுத்திருந்தாலும், நாயாற்றுக் கரையில் மீன் விற்ற எவருக்கும் அந்த முகம் மறக்காது. ஐஸ் லொறி சிவராசா! பெயருக்கு யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில் வவுனியாவிலிருந்து ஐஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டு மீன் ஏற்றிப்போன மனிதர். எங்கள் குசினி வாசலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்தவர். அரசாங்கச் சம்பளத்தில் வந்துதான் குடித்திருக்கிறார், பாவி.

பக்கத்தில் இப்படி இருந்தது: "அந்தக் கரையில் எனக்கு ஒருத்தி இருந்தாள். இயக்கத்தின் படகுகள் கடலில் இறங்கும் நாள் அவளால்தான் எனக்குத் தெரியவந்தது. றோட்டோரத்து அந்தோனியார் சுரூபத்தடியில் மெழுகுதிரி எரிந்தால் அன்று படகு இறங்கும். செவ்வாய்க்கிழமையை மட்டும் கணக்கில் எடுக்கமாட்டேன். அன்று ஊரே கொளுத்தும்."

செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள். மற்ற நாட்களில் அந்தச் சுரூபத்தடிக்கு மெழுகுதிரியோடு போனவர் ஊரில் ஒரே ஒருவர்தான். என் அம்மா, கிறேஸ். கேட்டவர்களுக்கெல்லாம் "ஒரு நேர்த்தி" என்று மட்டும் சொல்வாராம். நான் அப்போது முல்லைத்தீவில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததில்லை, ஆனால் ஊர் பார்த்திருக்கிறது.

அண்ணா றொமேஸ் இயக்கத்தின் படகில் எஞ்சின் பார்த்தவன். பெரியப்பாவின் மூத்த மகனும் அதே படகு. ஒருநாள் கடலில் கடற்படை அந்தப் படகுக்காகக் காத்திருந்து அடித்தது. ஒருவரும் திரும்பவில்லை. இத்தனை வருடமாக அதைக் கடல் கொண்டுபோன கணக்கில் வைத்திருந்தவர்களுக்கு, இப்போது காரணம் என்று காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

ஞாயிறு பூசையில் அம்மா இருந்த வாங்குப் பலகையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. திருநாளுக்குச் சுரூபம் சோடிக்கும் வேலையை "இந்தமுறை இளம் பிள்ளையள் செய்யட்டும்" என்று அம்மாவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு, மீதிக்கு நிற்காமல் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே கரையில் இருந்த பெரியப்பாவின் மீன்வாடிக்குப் போனேன். வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"பெத்த பிள்ளையை ஒரு தாய் காட்டிக்குடுப்பாவோ, பெரியப்பா? உங்களுக்கு மூளை கீளை இருக்கோ?"

அவர் தலை நிமிரவில்லை. "றொமேஸ் அண்டைக்குப் போறதா இருக்கேல்லை, பிள்ளை. காய்ச்சல்காரன் ஒருத்தனுக்குப் பதிலா ஏறினவன். அது கொம்மாக்குத் தெரியாமல் இருந்திருக்கும். தன்ர பிள்ளை இல்லையெண்டு நினைச்சுத்தான் கொளுத்தியிருப்பா."

சண்டை பிடிக்கப் போனவள் அப்படியே திரும்பி நடந்தேன். வழி முழுக்கச் சந்தேகம் மண்டையைக் குடைந்தது. ஐஸுக்கு ஊரே அடிபட்ட நாட்களில் எங்கள் பெட்டியில் மட்டும் எப்படி எப்போதும் ஐஸ் இருந்தது? விடுமுறைக்கு வந்தால் நான் அதை உடைத்து வாயில் போட்டுக்கொள்வேன். சிவராசா ஏன் எங்கள் வீட்டில் மட்டும் தேத்தண்ணி குடித்தார்? அம்மா ஏன் இந்தக் கதை வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை? அழவில்லை, ஏசவில்லை, "நான் இல்லை" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் பூசைக்குப் போன நேரம் பார்த்து அலுமாரியைக் கிளறினேன். அண்ணாவின் சேட்டுகளையும் ஒரு செபமாலையையும் தவிர ஒன்றும் இல்லை. தாயின் உடுப்புக்குள் கைவிட்டுத் தேடுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்த அந்தச் சிவராசாவை மனம் நிறையத் திட்டினேன்.

ஒரு பக்கத்தை வைத்து யாரையும் கொல்லலாம், முழுப் புத்தகமும் வேண்டும் என்று வவுனியாக் கடையொன்றில் சொல்லி எடுப்பித்தேன். பஸ்ஸில் வந்த பொதியைக் கடை மேசையிலேயே பிரித்து அந்த அத்தியாயத்தைத் தேடினேன். பெரியப்பா குழுவில் போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது.

"உன் ஆள் யார் என்று மேலதிகாரிகள் கேட்டபடி இருந்தார்கள். நான் சொல்லவில்லை. உண்மையில் ஆள் என்று யாரும் இல்லை. அவள் ஒரு தாய். மகன் படகேறும் நாளில் அவனுக்காக மெழுகுதிரி கொளுத்துவாள். நான் லொறியை மெதுவாக ஓட்டி அதைப் பார்த்துக்கொண்டு போவேன். நான் யாரென்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. என் உத்தியோகத்தில் கிடைத்த மிக நம்பகமான தகவல் அதுதான்."

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். சத்தியமாகச் சந்தோசம்தான். அம்மா காட்டிக்கொடுக்கவில்லை! உடனே பக்கத்தைப் படமெடுத்தேன். குழுவைத் திறந்து, கீழே என்ன எழுதி எல்லோர் முகத்திலும் அறையலாம் என்று யோசித்தபோதுதான் நான் வாசித்தது என்னவென்று விளங்கியது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார்.

"புத்தகம் வந்திட்டுது, அம்மா. அது வேற ஆரோவாம். வேற கரையாம்."

"முழுக்க வாசிச்சனியோ?"

"ஓம்."

"உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, பிள்ளை." அவர் கருவாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "கிறகோரி போட்ட படத்தை நீ காட்டின அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. கொண்ணன் படகு ஏறுற நாளில வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போவான். அந்தக் கடைசி நாளும் வந்தவன். அவன் போனாப்பிறகு நான் திரி கொளுத்தினன். ஊராக்களிட்டச் சொல்லேலாது, படகு இறங்கிற நாள் வெளியில தெரியக்கூடாது. ஆரும் கேட்டா நேர்த்தி எண்டுவன். இவன் சிவராசா ஒருநாள் லொறியை நிப்பாட்டி, ஆருக்கம்மா கொளுத்திறியள் எண்டு கேட்டவன். வெளியாள்தானே எண்டு, மகன் கடலுக்குப் போறான், தம்பி எண்டு சொல்லிப்போட்டன். ஊரில ஒருத்தருக்கும் சொல்லாததை அவனிட்டச் சொன்னன். அவனும் இறங்கி வந்து என்னட்ட ஒரு திரி வாங்கிக் கொளுத்தினவன். அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு ஐஸ் தரத் தொடங்கினவன்."

நான் அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்துவிட்டேன். இந்த மனுசியின் அலுமாரியைக் கிளறினேனே என்று அழுகை வந்தது.

"அடுத்த பக்கத்தைக் குழுவில போடப்போறன், அம்மா. எல்லாரும் வாசிக்கட்டும். நீங்கள் காட்டிக்குடுக்கேல்லை எண்டு எழுதிக் கிடக்கு."

"போடாத."

"சாகும்வரைக்கும் உங்களைத் துரோகி எண்டுதான் சொல்லுவினம்."

"சொல்லட்டும். அது பொய். பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு நான் இருந்திடுவன்." இப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தார். "மற்றதை வாசிச்சுப்போட்டு எல்லாரும் பாவம் கிறேஸ் எண்டு வந்து என்ர கையைப் பிடிப்பினம். கிறகோரியும் வருவான். என்ர திரியாலதான் உன்ர பிள்ளையும் போனவன் எண்டு தெரிஞ்சுகொண்டு, அவன்ர முகத்தை நான் என்னெண்டு பாக்கிறது? அவன் என்னோட கோபமாய் இருக்கட்டும், பிள்ளை. அது என்னால தாங்கேலும்."

நான் எவ்வளவோ வாதாடினேன். அம்மா கருவாட்டைப் பிரட்டி முடித்து எழுந்து போய்விட்டார்.

அடுத்தநாள் கடை திறந்த கையோடு பெரியப்பா வந்தார். சைக்கிளை விட்டு இறங்கி, படியில் ஏறாமல் நின்றார். பொதி வந்த கதை அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"புத்தகம் வந்ததாமே. மிச்சத்தில என்ன எழுதிக் கிடக்கு?"

புத்தகம் எனக்கு முன்னால் மேசையில்தான் கிடந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது.

"நீங்கள் நினைச்சதுதான், பெரியப்பா" என்றேன்.

அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.