உள்ளேன் அம்மா

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லாட்ஜ் மாடியில் கம்ப்யூட்டரில் கணக்கெழுதச் சொல்லித்தரும் டேலி சென்டர். அங்கே லலிதாம்பாள் டீச்சர் வைத்ததுதான் சட்டம். பேர் வாசித்தால் "ப்ரசன்ட் மேடம்" என்று எவளும் வாய் திறக்கக் கூடாது, "உள்ளேன் அம்மா"தான். இதென்ன ஒண்ணாங்கிளாஸ் கூத்து என்று பிள்ளைகள் சிரிக்கும். ஹஃபீஸா சிரிக்க மாட்டாள். வித்யாஸ்ரீயின் பேருக்கு அடுத்தது அவள் பேர். அதைக் கேட்கவே பஸ் பிடித்து வருவாள்.

வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அம்மா மவுத்தாகிப் பல வருஷம். அண்ணன் ஷாநவாஸுக்கு அவள் வெறும் பாப்பா. வாய் நிறைய "ஹஃபீஸா" என்று கூப்பிட்ட அத்தா, பக்கவாதத்தில் பேச்சிழந்து கட்டிலோடு கிடந்தார்.

பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட நஜ்முன்னிசா மாமி பரவைக்குக் குடிபோனதும், கடையை விட்டு நகர முடியாத ஷாநவாஸ் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, நெட்டில் பாடம் நடத்தும் கோர்ஸிலும் அவளைச் சேர்த்துவிட்டான்.

"இதுலயும் அதே பாடந்தான் பாப்பா. அங்கன போயி எதுக்கு வெயில்ல காயணும்? அத்தாவையும் பாத்த மாதிரி ஆச்சு."

தங்கமான அண்ணன். அவனிடம் என்னவென்று சண்டை போடுவது? தலையாட்டினாள்.

பாடத்தைக் குறை சொல்ல முடியாது. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் சொன்னது. லலிதாம்பாள் டீச்சர் இரண்டாம் தடவைக்கே முறைப்பாள். ஆனால் ஹஃபீஸா முழிக்கிற முழியைப் பார்த்தே டீச்சர் பாடத்தை நிறுத்துவாள். இதுவோ, அவள் அழுதபோதும் டெபிட், கிரெடிட் என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

மனசு கேட்காமல் வித்யாஸ்ரீக்குப் போன் போட்டு, டீச்சர் பேர் வாசிப்பதை ஒரே ஒருமுறை கேட்க வேண்டும் என்று கெஞ்சினாள். மறுநாள் வகுப்பு தொடங்கும்போது வித்யாஸ்ரீ செல்போனில் இவள் வீட்டுக்கு அழைத்து, போனைப் பெஞ்சின்மேல் வைத்தாள். ஹஃபீஸா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு பேராக வந்தது. வித்யாஸ்ரீயின் குரலும் கேட்டது.

பழக்கதோஷம், இவளும் உடனே "உள்ளேன் அம்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். டீச்சர் வாசித்ததோ ஹம்சவேணியின் பேரை. நெட்டில் படிக்கிற பிள்ளைக்கு இங்கே பேர் எதற்கு என்று பட்டியலிலிருந்து அடித்திருப்பாள். தப்பில்லைதான். ஆனாலும் ஹஃபீஸாவுக்கு நெஞ்சு உடைந்துபோனது.

கட்டிலில் அத்தா திரும்பிப் பார்த்தார். தான் கூப்பிட்டதற்குத்தான் மகள் பதில் சொன்னாள் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணில் அப்படியொரு சந்தோஷம். மறுபடியும் கூப்பிடப் பார்த்தார். வாய் கோணியது, வெறும் காற்றுதான் வந்தது.

ஹஃபீஸா ரிசீவரை வைத்துவிட்டுப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளேன் அத்தா," என்றாள்.