அட்டென்ஷன்

காலையிலிருந்து படித்துப் படித்துச் சொன்னேன். "அங்க போய் வீராப்பு காட்டாதீங்க. வீட்ல எப்படி நடப்பீங்களோ அப்படியே நடங்க." சரி சரி என்று தலையாட்டினார் என் வீட்டுக்காரர். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பதினோரு வருடம் போலீஸில் இருந்தவர். கூட்டத்தை விலக்கப் போன இடத்தில் பின்னால் வந்த வேன் ஒன்று முட்டியை நசுக்கியது. ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி, ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு ஒருநாள் திடீரென்று ராஜினாமா கொடுத்துவிட்டு வந்து நின்றார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்'. முட்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது. தானாக விலகியவருக்குக் காயத்துக்கான பென்ஷன் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். எட்டு வருடமாக என் தையல் மெஷினை மட்டும் நம்பி ஓடுகிற வீடு. இப்போது சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். பணியில் பட்ட காயத்தால்தான் விலகினார் என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் பென்ஷன் உண்டு. ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார்கள்.

அந்தக் குழுவின் அறை வாசலில் காத்திருந்தோம்; கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா, பக்கத்தில் யூனிஃபார்மில் ஓர் அதிகாரி. போச்சுடா என்று நினைத்தேன். யூனிஃபார்மைப் பார்த்ததும் மனிதர் கைத்தடியை என்னிடம் திணித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, மேசை வரை மாப்பிள்ளை மாதிரி நடந்தார். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வேறு.

"நல்லாத்தானே நடக்கிறார்" என்று டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

"வலி இருக்கா?" அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்றாருங்க. செருப்பு மாட்டி விடறதே நான்தான். அவர் மாடிப்படி ஏறி ரெண்டு வருஷமாச்சு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "அப்புறம் ஏன் சொந்த விருப்பம்னு எழுதினீங்க?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒருத்தன் ஒரு அம்மாவோட பையைப் பறிச்சிட்டு ஓடினான். பத்தடி தூரம்தான். என்னால ஓட முடியல. அந்த அம்மா என்னையே பார்த்துட்டு நின்னாங்க. இதை எப்படிங்க எழுதறது?"

மேலதிகாரியோடு சண்டை, கோபத்தில் வேலையை விட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லிக் குத்தியும் இருக்கிறேன். என்னிடம்கூட மறைத்துவிட்டாரே என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாவமாக இருந்தது. அவர் மேல் ஆசையாகவும் இருந்தது.

"சரி, உட்காருங்க" என்றார் அதிகாரி.

நாற்காலி ஓரடி பின்னால்தான் இருந்தது. அவர் அசையவில்லை. மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்து, "பரவாயில்ல, உட்காருங்க" என்றார் அதிகாரி மறுபடியும். முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. அது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். பிடரியில் வியர்வை இறங்கி, சட்டைக் காலர் நனைந்துகொண்டிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் விரலைக்கூடத் தொடாதவர். முகம் அதிகாரியின் பக்கமே இருக்க, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார். அது காற்றில் என்னைத் தேடியது. ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். டாக்டரம்மா எழுதியதை அடித்தாரா, அப்படியே விட்டாரா, நான் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய பாரம் முழுவதும் என் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.