டிபக்கருக்குள் வைத்த நிறுத்தம்

புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் எந்தப் பெட்டியை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று சொல்லும் புரோகிராம் எங்களுடையது. அதில் ஒரு பிழையைத் துரத்தினால், பிழை தேடும் கருவியான பழைய டிபக்கர் ஒரு சன்னலைத் திறக்கும். புரோகிராமின் இந்த வரியை எந்த வரி கூப்பிட்டது என்று கேட்டால் இன்னொரு சன்னல். அதைக் கூப்பிட்டது எது என்றால் மற்றொன்று. மத்தியானத்துக்குள் திரை சந்தைக்கடையாகிவிடும், எதைத் தேடி வந்தோம் என்பதே மறந்துபோகும். கடுப்பென்றால் அப்படியொரு கடுப்பு.

அதனால்தான் சனி, ஞாயிறெல்லாம் உட்கார்ந்து நானே ஒரு டிபக்கர் எழுதினேன். ஒரே சன்னல். எந்த வரி எதைக் கூப்பிட்டது என்பது பக்கத்திலேயே விரியும். ஓடி முடிந்ததைப் பின்னோக்கியும் நடந்து பார்க்கலாம். மாதக்கணக்கில் நச்சரித்த பிறகு எங்கள் தலைவர் ஒராசியோ இறங்கி வந்தார்.

"இபான்யெஸ் ஒரு நாள் ஓட்டிப் பாக்கட்டும். அவன் சரின்னா எல்லாருக்கும் போட்டுடலாம். இல்லேன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும், நோயெமி."

போயும் போயும் இபான்யெஸ்! எங்கள் குழுவிலேயே பெரிய குதர்க்கக்காரன்.

"இது மாத்தே ஊத்திக் குடுக்குமா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான்.

"அதை நான் ஊத்தறேன். நீ வாயை மூடிட்டு ஓட்டிப் பாருடா."

மாத்தே எங்கள் ஊர் மூலிகைத் தேநீர்; ஒரே குவளையில் ஊற்றி ஊற்றி எல்லோரும் முறை வைத்துக் குடிப்போம். கொஞ்ச நேரத்தில் அவன் குவளையைக் கையில் பிடித்தபடி திரைக்குள் தலையை நுழைத்திருந்தான். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

"அது மைக் இல்லடா, குடிச்சிட்டுக் குடு!" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஐயையோ!" என்று அவன் கத்தினான்.

எட்டிப் பார்த்தேன். திரை உறைந்து கிடந்தது. "என்னடா பண்ணித் தொலைச்சே?"

"இது எப்படித் திறக்குதுன்னு பாக்கலாம்னு... திறக்கிற எடத்துலயே ஒரு நிறுத்தம் வெச்சேன்."

அடப்பாவி! நாங்கள் எழுதும் மொழியில் புரோகிராம், அதை எழுதும் சன்னல், டிபக்கர் எல்லாம் ஒன்றாகவே உயிரோடு ஓடும். எதன் வயிற்றையும் திறந்து பார்க்கலாம். நிறுத்தம் வைத்த இடத்தில் ஓட்டம் நிற்கும், உடனே டிபக்கர் திறக்கும். திறக்கப்போன டிபக்கரே நின்றுவிட்டால் அதைக் காட்ட இன்னொரு டிபக்கர் வேண்டும். அதுவும் நிற்கும். அப்புறம் இன்னொன்று. மெஷின் என்ன செய்யும், பாவம்?

ஒராசியோ வந்து பார்த்தார். "அவசர நேரத்துல இப்படிப் படுத்துக்கிட்டா?"

"பழைய டிபக்கருக்குள்ள வெச்சாலும் இதேதான் ஆகும்!"

"அதுக்குள்ள யாரும் வெக்கலையே."

"அதைத் திறந்து பாக்க யாருக்கும் ஆசையே வரலையே, அதனாலதான்!" எனக்கு அழுகை முட்டியது.

"போதும் நோயெமி. பழசே இருக்கட்டும்."

இபான்யெஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா?

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் என் மேஜைக்கு வந்தான்.

"பழசுல ஒரு பிழையைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. உன்னுது அதே பிழையைக் காலையில டக்குனு காட்டிச்சு. எனக்கு மட்டும் போட்டுக் குடேன். ஒராசியோவுக்குத் தெரிய வேணாம்."

கீபோர்டை எடுத்து அவன் மண்டையில் போடலாம் போலிருந்தது.

"இதை அவர் முன்னாடி சொல்றதுக்கு என்னடா?"

"உடைச்சதே நான். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது?"

"இப்ப போய்ச் சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கும் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியாதா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அதைப் போட்டுக் கொடுத்தேன். என் டிபக்கரைக் கேட்டு வந்த ஒரே ஆள் அவன்தான்.